காதலுக்கு மாயம் வைக்கும் விலை

மகாபாரதத்தில் துஷ்யந்தன் சகுந்தலையை மறக்கவே இல்லை. கண்வர் ஆசிரமத்தில் அவளைக் காந்தர்வ மணம் செய்துகொண்டு, பிறக்கும் பிள்ளைக்கே பட்டம் என்று வாக்கும் கொடுத்துவிட்டு ஊர் திரும்புகிறான். சில வருடங்கள் கழித்து அவள் பையனைக் கூட்டிக்கொண்டு சபையில் வந்து நிற்கும்போது அவனுக்கு எல்லாமே நினைவிருக்கிறது. இருந்தும், நீ யாரென்றே எனக்குத் தெரியாது என்கிறான். போதாக்குறைக்கு அவள் பிறப்பையும் இழித்துப் பேசுகிறான். அவளும் விடுவதில்லை, அத்தனை பேர் முன்னாலும் வாதாடுகிறாள். கடைசியில் அசரீரி வந்து சாட்சி சொன்ன பிறகு, ‘எனக்கும் தெரியும்தான், உன் பேச்சை மட்டும் நம்பி ஏற்றிருந்தால் ஊர் சந்தேகப்பட்டிருக்கும்’ என்று சமாளிக்கிறான்.

இந்தக் கதையைக் காளிதாசன் நாடகமாக்கியபோது, மூலத்தில் இல்லாத இரண்டு பொருள்களை உள்ளே கொண்டுவந்தான். ஒன்று துர்வாசர் சாபம், இன்னொன்று மோதிரம். காதல் நினைவில் மூழ்கியிருந்த சகுந்தலை வாசலுக்கு வந்த முனிவரைக் கவனிக்கவில்லை. நீ யாரை நினைத்துக்கொண்டிருக்கிறாயோ அவன் உன்னை மறக்கக்கடவது என்று சபித்துவிட்டார். அரசன் அவளுக்குக் கொடுத்துப்போன மோதிரம் தண்ணீரில் விழுந்து, மீன் வயிற்றுக்குள் போய், மீனவன் கைக்கு வந்து, அரண்மனையைச் சேரும் வரை அரசனுக்கு ஒன்றும் நினைவில்லை. ஆக, சபையில் அவளைத் துரத்தியது அவனுடைய தப்பாக இல்லாமல் போய்விட்டது. பழி முழுக்கச் சாபத்தின் கணக்கில்.

ஃபேண்டஸிக் கதையில் காதலை எழுத உட்காரும் எவரும் இந்த இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். ஒரே காதல்தான். ஒன்றில் மனிதன் முடிவெடுக்கிறான், அசிங்கமாகவே எடுக்கிறான். மற்றதில் மாயம் அவனுக்குப் பதிலாக முடிவெடுக்கிறது. காளிதாசன் லேசுப்பட்ட ஆள் இல்லை என்பதால் அதோடு விடவில்லை. நினைவு திரும்பிய பிறகு வரும் ஆறாம் அங்கம் முழுக்க அரசன் அவள் படத்தை வரைந்து வைத்துக்கொண்டு தவிக்கிறான். தான் செய்யாத குற்றத்துக்குத் தான்தான் பொறுப்பு என்று உணர்கிறவனின் தவிப்பு அது. சாபம் கொடுத்த மன்னிப்பை அவன் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அங்கம் இல்லாமல் இருந்திருந்தால், சாபம் என்பது கதாநாயகனைக் காப்பாற்றக் கதாசிரியர் செய்த உபாயமாக மட்டும் நின்றிருக்கும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் இதுதான். மாயம் காதலர்களுக்குப் பதிலாக முடிவெடுத்தால் காதல் அங்கேயே செத்துவிடுகிறது. அவர்கள் எடுக்கும் முடிவின் விலையை மாயம் ஏற்றினால் உயிர் வருகிறது.

இப்போது இதைப் பேசக் காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் காதலையும் ஃபேண்டஸியையும் கலந்து ‘ரொமான்டஸி’ என்று பெயர் வைத்து விற்கப்படும் நாவல்கள் கடந்த சில ஆண்டுகளில் புத்தகச் சந்தையைத் தலைகீழாக்கியிருக்கின்றன. ரெபெக்கா யாரோஸின் டிராகன் நாவல் வரிசையில் மூன்றாவது புத்தகம் 2025 ஜனவரியில் வந்தபோது முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகள் போயின. தமிழிலும் இணையத் தொடர்கதைகளில் நாகலோகம், பூர்வஜென்மம், மாய ராஜ்ஜியம் என்று எழுதுகிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். எழுதுகிறவர்களில் பலருக்கு டிராகன் சுலபமாக வருகிறது. அந்த டிராகன் முதுகில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேச ஆரம்பித்ததும் கதை கல்லூரி கேன்டீனுக்குப் போய்விடுகிறது. டிராகனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு புல்லட் வண்டியை நிறுத்தினாலும் காதல் அப்படியே ஓடும் என்றால், அந்த உலகத்தைக் கஷ்டப்பட்டுக் கட்டியதற்கு அர்த்தமே இல்லை.

முதலில் வசியத்தை எடுத்துக்கொள்வோம். நம்மூரில் மை, மருந்து, தகடு என்று பல பெயர்களில் புழங்கும் சமாச்சாரம். ஐரோப்பாவில் இதன் தாய்க்கதை டிரிஸ்டன், இசோல்ட் கதை. அயர்லாந்து இளவரசி இசோல்ட்டை மார்க் மன்னனுக்கு மணமுடிக்க, மன்னனின் சகோதரி மகன் டிரிஸ்டன் கப்பலில் அழைத்து வருகிறான். மணமக்கள் குடிப்பதற்காக வைத்திருந்த காதல் மருந்தை வழியில் இவர்கள் இருவரும் தெரியாமல் குடித்துவிடுகிறார்கள். அப்புறம் பிரிக்கவே முடியவில்லை. இப்படிச் சொன்னால் இது காதல் கதையாகவே இல்லை, ஒரு விபத்து. ஆனால் 12ஆம் நூற்றாண்டில் இதைப் பிரெஞ்சில் பாடிய பெரூல் என்ற கவிஞர் மருந்துக்கு ஒரு காலக்கெடு வைத்தார்: மூன்று வருடம். காட்டில் ஒளிந்து வாழும் காதலர்களுக்கு ஒருநாள் மருந்தின் வேகம் தீர்ந்துபோகிறது. திடீரென்று பசி தெரிகிறது, கிழிந்த துணி தெரிகிறது, விட்டுவந்த அரண்மனை நினைவுக்கு வருகிறது. அவள் மன்னனிடம் திரும்பிப் போகிறாள். அதற்குப் பிறகும் இருவரும் ரகசியமாகச் சந்திக்கத்தான் செய்கிறார்கள். மருந்து தீர்ந்த பிறகு நடக்கும் சந்திப்புகளுக்கு அவர்களே பொறுப்பு. என் கணக்கில் காதல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இன்றைய ரொமான்டஸியில் மருந்தின் இடத்தைப் பிடித்திருப்பது ‘விதிக்கப்பட்ட துணை’ என்ற ஏற்பாடு. இரண்டு உயிர்களுக்கு இடையே பிறவியிலேயே ஒரு பிணைப்பு, கண்டதும் தெரிந்துவிடும், மறுக்க முடியாது. எழுதுகிறவருக்கு இது பெரிய சோம்பேறித்தனத்துக்கு இடம் கொடுக்கிறது. ஏன் இவனைப் பிடித்தது என்று காட்டவே வேண்டாம், பிணைப்பு என்று ஒரு வார்த்தை போதும். சாரா ஜே. மாஸ் 2016இல் எழுதிய ‘எ கோர்ட் ஆஃப் மிஸ்ட் அண்ட் ஃப்யூரி’ நாவல் இதே ஏற்பாட்டைத்தான் பயன்படுத்துகிறது, ஆனால் கொஞ்சம் புத்திசாலித்தனமாக. நாயகி ஃபேய்ராவுக்கும் ரைசண்டுக்கும் நடுவே நம்பிக்கை வளர்ந்து, நெருக்கமும் வந்த பிறகுதான் பிணைப்பு பற்றி அவளுக்குத் தெரியவருகிறது. அதையும் அவன் சொல்லவில்லை, வேறொரு பிராணி சொல்கிறது. அவளுக்கு வருவது பூரிப்பு இல்லை, கோபம். இவ்வளவு நாள் தெரிந்தும் மறைத்தாயா என்று விலகிப் போகிறாள். அந்த உலகத்து வழக்கப்படி பெண் தன் கையால் உணவு கொடுத்தால்தான் பிணைப்பை ஏற்றதாக ஆகும். அவன் தன் கதை முழுவதையும் சொல்லி முடித்த பிறகு, ஒரு கிண்ணம் சூப்பைச் சூடாக்கி அவன்முன் வைக்கிறாள். அந்த நாவலின் மற்ற பக்கங்களைப் பற்றி எனக்குப் புகார்கள் உண்டு. அந்தச் சூப் கிண்ணத்தைப் பற்றி இல்லை.

விதிக்கப்பட்ட துணை என்றதும் இது ஏதோ புதுச்சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். தமிழில் இதை மணிமேகலை எப்போதோ எழுதி முடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அட்சயபாத்திரமும் அறச்சோறுமாக மட்டும் நமக்குக் காட்டப்பட்ட காப்பியம் அது. உள்ளே போய்ப் பார்த்தால் பறத்தல், உருமாற்றம், பூர்வஜென்மம், பேசும் தூண், ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் தெய்வம் எல்லாம் இருக்கின்றன. அவை எல்லாமே ஒரு காதலைச் சுற்றித்தான் வேலை செய்கின்றன.

சோழ இளவரசன் உதயகுமரன், தவ வழியில் இருக்கும் மணிமேகலையைத் தேடி உவவனம் என்ற பூஞ்சோலைக்கு வருகிறான். தோழி சுதமதி அவளைப் பளிக்கறைக்குள் விட்டுப் பூட்டுகிறாள். பளிங்குச் சுவர், உருவம் தெரியும், ஆள் அகப்பட மாட்டாள். முதல் பார்வையில் அது யாரோ செய்துவைத்த பாவை என்றே அவன் நினைக்கிறான். பிறகு தெரிந்துகொண்டு, கணிகை குலத்தவள்தானே என்று இகழ்ச்சியாகப் பேசிவிட்டு, பாட்டி சித்திராபதியைக் கொண்டு இவளை அடைவேன் என்று போகிறான். அவன் போன பிறகு மணிமேகலை சுதமதியிடம் சொல்வதைக் கேளுங்கள்:

“புதுவோன் பின்றைப் போனதென் நெஞ்சம்
இதுவோ அன்னாய் காமத் தியற்கை
இதுவே ஆயின் கெடுகதன் திறம்.”

தன்னை இழித்துப் பேசினான் என்று அவளுக்கு நன்றாகத் தெரிகிறது. இருந்தும் மனசு அந்தப் புது ஆள் பின்னால் போகிறது. காமத்தின் இயல்பு இதுதானா? இதுதான் என்றால் நாசமாய்ப் போகட்டும் என்கிறாள். காதலிக்கிறவளின் அவமானமும் ஆச்சரியமும் எரிச்சலும் மூன்று வரிக்குள் வந்துவிட்டன. காதலை எழுத விரும்புகிறவர்கள் இதை எழுதி மேஜைமேல் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகுதான் சாத்தனார் பிணைப்பை வெளிப்படுத்துகிறார். மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கத்திலேயே எடுத்துக்கொண்டு போய் மணிபல்லவத் தீவில் விடுகிறது. அங்கே புத்த பீடிகையின் முன் முற்பிறப்பு தெரிகிறது. முன்பு அவள் பெயர் இலக்குமி, கணவன் இராகுலன். அவன் திட்டிவிடம் என்ற பாம்பால் இறந்துபோக, அவளும் ஈமத்தீயில் விழுந்து உயிர்விட்டவள். அந்த இராகுலன்தான் இந்தப் பிறவியில் உதயகுமரன். அதனால்தான் உன் நெஞ்சு அவன்பால் போயிற்று, அந்தப் பற்றை அறுக்கவே உன்னை இங்கே கொண்டுவந்தேன் என்கிறது தெய்வம். வேறொரு கதையாக இருந்திருந்தால், முற்பிறவியில் கணவன் என்று தெரிந்ததும் பின்னணியில் வீணை ஒலித்து, இருவரும் சேர்ந்திருப்பார்கள். இங்கே அவள் தவ வழியை விடவில்லை. பிணைப்பு உண்மை, ஈர்ப்பு உண்மை, அப்படியும் முடிவு அவளுடையது. இந்த ஒரு நகர்வில் ரொமான்டஸியின் பெரிய சிக்கல் ஒன்று தீர்க்கப்பட்டிருக்கிறது.

தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களையும் கொடுக்கிறது: வேற்றுரு எடுக்க, வானில் செல்ல, பசியைப் போக்க. சாத்தனாரின் கைத்தேர்ச்சி தெரிவது இவற்றில் முதலாவதில். உதயகுமரன் மறுபடி தேடி வரும்போது அவனிடமிருந்து தப்ப அவள் காயசண்டிகை என்ற விஞ்சையர் (வானில் செல்லும் வித்தியாதரர்) பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். அந்தக் காயசண்டிகை ஒரு முனிவரின் சாபத்தால் பன்னிரண்டு வருடம் யானைத்தீ என்னும் அடங்காப் பசியில் கிடந்தவள். மணிமேகலை இட்ட உணவால் பசி தீர்ந்து ஊருக்குப் பறந்துவிட்டாள். சாபக்காலம் முடியும் நேரத்தில் மனைவியைத் தேடி வருகிறான் அவள் கணவன் காஞ்சனன். வந்து பார்த்தால் ‘மனைவி’ தன்னைக் கண்டுகொள்ளாமல் ஓர் இளவரசனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். உண்மையில் அவள் இளவரசனிடம் ஒரு நரைமூதாட்டியைக் காட்டி உடம்பின் நிலையாமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காஞ்சனனுக்குக் கேட்பது பேச்சில்லை, தெரிவது உருவம் மட்டும். நள்ளிரவில் உதயகுமரன் திரும்பி வரும்போது வாளால் வெட்டிவிடுகிறான்.

காதலிலிருந்து தப்பிக்க எடுத்த மாயமே காதலனைக் கொன்றுவிட்டது. உருவம் மாறும், ஆனால் மாறிய உருவத்துக்கு வெளியே ஏற்கெனவே ஒரு வாழ்க்கை இருக்கிறது, ஒரு கணவன் இருக்கிறான் என்பதுதான் இந்த மந்திரத்தின் விலை. பிணத்தைப் பார்த்ததும் தவத்தைத் தவிர வேறெதையும் அவனிடம் பேசாத அந்தப் பெண் “காயசண்டிகை வடிவானேன் காதல” என்று அழுகிறாள். அவனருகே போகப் பார்க்கிறாள். தூணிலிருக்கும் கந்திற்பாவை “செல்லல் செல்லல்” என்று தடுக்கிறது. இந்த இடத்தில் மந்திரத்தை எடுத்துவிட்டால் காதலும் இல்லை, கொலையும் இல்லை, அழுகையும் இல்லை. டிராகனுக்குப் பதில் புல்லட் வண்டியை நிறுத்திப் பார்க்கும் சோதனையில் இது தேறிவிடும்.

மேற்கத்திய ஃபேண்டஸியின் மூத்த காதல் கதையான அரகார்ன், ஆர்வென் ஜோடியிலும் விலைதான் மையம். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954, 55இல் வந்தது. அரகார்ன் மனிதன், வயது இருபது. தன் உண்மையான பெயரும் குலமும் தெரிந்த மறுநாள் ரிவண்டெல் காட்டில் சாவில்லாத எல்ஃப் இனத்தின் பழங்கால அழகி லூத்தியனைப் பற்றிய பாட்டைப் பாடிக்கொண்டு நடக்கிறான். எதிரே ஒரு பெண். பாட்டில் வந்தவளே வந்துவிட்டாள் என்று நினைத்து அந்தப் பெயரையே சொல்லிக் கூப்பிடுகிறான். அவள்தான் ஆர்வென், அவளும் எல்ஃப் குலத்தவள், வயது 2710. அவள் அப்பா எல்ராண்ட் சொன்னது சுருக்கமாக இவ்வளவுதான்: காண்டோர், ஆர்னோர் என்ற ராஜ்ஜியங்கள் இரண்டுக்கும் மன்னனாக ஆகிறவனுக்கே என் பெண்.

இந்த வயது வித்தியாசம் ஏன் உறுத்தவில்லை? டோல்கீன் அந்தப் பையனை முதலில் கொஞ்சம் அசட்டுப்பையனாகவே காட்டிவிடுகிறார் என்பது ஒரு காரணம். அம்மா எச்சரிக்கிறாள், எல்ராண்ட் அவள் உனக்கு எட்டாத உயரம் என்கிறார். இன்னொரு காரணம், அவர் அவசரப்படுவதில்லை. இருவரும் மனம் ஒப்பி நிச்சயம் செய்துகொள்ள இருபத்தொன்பது வருடம் ஆகிறது. கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு 88 வயது. எல்ராண்டின் பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு உண்டு: எல்ஃபுகளோடு கடல் கடந்து போய் சாகாமல் இருக்கலாம், அல்லது மனிதரோடு தங்கிச் சாகலாம். ஆர்வென் தங்குகிறாள். நூற்றிருபது வருடம் வாழ்ந்த பிறகு, தன் நேரம் வந்துவிட்டது என்று அரகார்ன் தானாகவே உயிரை விடத் தயாராகிறான். அவள் கெஞ்சுகிறாள். துறைமுகத்துக்குப் போக உனக்கு இன்னும் வழியிருக்கிறது என்பதுபோல அவன் பேச, என்னை ஏற்றிக்கொண்டு போகக் கப்பல் எதுவும் இப்போது இல்லை என்கிறாள். சாவுக்குப் பயந்து அழிந்துபோன பழைய மனிதர்களை முட்டாள்கள் என்று இத்தனை காலம் இளக்காரமாக நினைத்திருந்தவள், இப்போதுதான் அவர்களுக்காக இரக்கப்படுகிறாள். விலை முதல் சந்திப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது. செலுத்தும் நாள் வரும்வரை அவளுக்கும் அதன் கனம் தெரியவில்லை.

ஆனால் இந்தக் காதல் மூலநாவலில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அது இருப்பது பிற்சேர்க்கையில். மையக்கதையின் கட்டுக்கோப்பு ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்களை ஒட்டியது, அதைச் சிதைக்காமல் இந்தக் கதையை நடுவில் வைக்க முடியவில்லை என்று டோல்கீன் ஒரு கடிதத்தில் விளக்கினார். காரணம் சரியாகவே இருக்கலாம். விளைவு, நாவலைப் படிக்கிறவருக்கு ஆர்வென் விருந்தில் உட்கார்ந்திருக்கும் அழகான பெண்ணாகவும், கொடி தைத்து அனுப்பிய கையாகவும் மட்டுமே தெரிகிறாள். அரகார்னை விரும்பி ஏமாந்த ஏயோவின் நம்மோடு நூறு பக்கம் நடந்தவள் என்பதால் அவள் வலிதான் நமக்கு ஒட்டுகிறது. 2001இல் தொடங்கிய திரைப்படங்களில் ஹாபிட் நாயகன் ஃப்ரோடோவைக் குதிரையில் தூக்கிக்கொண்டு ஓடும் வேலையை ஆர்வெனுக்கு மாற்றிக்கொடுத்தார்கள். விசுவாசமான வாசகர்களில் சிலர் கோபப்பட்டாலும், அது கதையின் உண்மையான ஓட்டை ஒன்றை அடைக்க எடுத்த முயற்சி. விலை எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அதைக் கொடுக்கிறவளை நாம் பார்த்திருக்க வேண்டும்.

உர்சுலா லெ குவின் எர்த்ஸீ கதைகளில் செய்தது எனக்கு இதைவிடப் பிடிக்கும். அந்த உலகத்தில் மந்திரவாதிகள் பிரம்மச்சாரிகள். 1968இல் வந்த முதல் நாவலிலிருந்தே அப்படித்தான், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. 1971இல் வந்த இரண்டாவது நாவலில் கெட் என்ற மந்திரவாதியும் டெனார் என்ற இளம் பூசாரிணியும் பாதாளக் கல்லறைகளிலிருந்து சேர்ந்து தப்பிக்கிறார்கள். சாதாரணக் கதையில் அடுத்த அத்தியாயம் கல்யாணம். இங்கே அவன் அவளைக் கரை சேர்த்துவிட்டுத் தன் வழியே போகிறான். 1972இல் வந்த மூன்றாவது நாவலின் முடிவில் உலகத்தைக் காப்பாற்றத் தன் சக்தி முழுவதையும் செலவழித்துவிடுகிறான். பதினெட்டு வருடம் கழித்து, 1990இல், லெ குவின் ‘தெஹானு’ எழுதினார். டெனார் இப்போது இரண்டு பிள்ளைகளை வளர்த்து முடித்த விதவை, குடியானவர் வீட்டுப் பெண். தீயில் வெந்த ஒரு குழந்தையை எடுத்து வளர்த்துக்கொண்டிருக்கிறாள். கெட் டிராகன் முதுகில் அரை உயிராக வந்து இறங்குகிறான், கையில் ஒரு துளி மந்திரம் கூட இல்லை. வெட்கப்பட்டு ஒளிகிறான், மலையில் ஆடு மேய்க்கப் போகிறான்.

அந்த நாவலில் ஊர் மந்திரக்காரி ஒருத்தி விஷயத்தைப் போட்டு உடைக்கிறாள். மந்திரவாதிகள் தங்களுக்குத் தாங்களே கட்டுப்போட்டுக்கொள்கிறார்கள்; ஒரு சக்தியைக் கொடுத்து இன்னொரு சக்தியை வாங்கிக்கொள்கிறார்கள். மூன்று நாவல்களாக அலங்காரம் போலக் கிடந்த விதி திடீரென்று ஒரு மனிதனின் இழப்பாக மாறுகிறது. ஒரு இரவில் ரவுடிகள் வீட்டை உடைக்க வருகிறார்கள். உலகத்தின் மகா மந்திரவாதியாக இருந்தவன் வைக்கோல் அள்ளும் கவைக்கோலை எடுத்துக் குத்துகிறான். அதற்குப் பிறகுதான், நடுவயது தாண்டிய அந்த இருவரும் அடுப்படி ஓரத்தில் சேர்கிறார்கள். மந்திரத்தின் விலை காதல்; அந்த மந்திரம் போனால்தான் காதல் வரும். அந்த வரிசையைக் குலைக்காமல் எழுத லெ குவினுக்குப் பதினெட்டு வருடம் தேவைப்பட்டிருக்கிறது. கதாநாயகனைக் கையாலாகாதவனாக்கிவிட்டார் என்று சில வாசகர்கள் வருத்தப்பட்டார்கள். எனக்கு அந்தக் கவைக்கோல் போதும்.

சரி, தமிழில் புதிதாக ஒரு உலகத்தைப் படைக்கிறவருக்கு இதிலிருந்து என்ன கிடைக்கும்? நம்மிடம் ஏற்கெனவே ஒரு பெரிய கருவிப்பெட்டி இருக்கிறது, அதைத் தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். திணை. குறிஞ்சியில் கூடல், முல்லையில் காத்திருப்பு, மருதத்தில் ஊடல், நெய்தலில் இரங்கல், பாலையில் பிரிவு. ஒவ்வொன்றுக்கும் உரிய நிலம், பருவம், வேளை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, காதலின் நிலையை உரிப்பொருள் என்று அதோடு கட்டிவைத்த இலக்கணம் இது. ஃபேண்டஸி எழுத்தாளர்கள் ‘உலகக் கட்டுமானம்’ என்று தனியாக ஒரு நோட்டுப் போட்டு எழுதும் வரைபடமும் காதலும் நம் மரபில் ஒரே பக்கத்தில் இருந்தன.

ஒரு உதாரணம். கற்பனை உலகம் என்றதும் பலரும் வானத்தில் இரண்டு நிலவு வைத்துவிடுகிறார்கள். அழகாக இருக்கும், அவ்வளவுதான். குறுந்தொகையின் 47ஆம் பாட்டைப் பாருங்கள். வேங்கைப் பூ உதிர்ந்து கிடக்கும் பாறை நிலவு வெளிச்சத்தில் புலிக்குட்டி போலத் தெரியும் காடு. அந்த வழியே இரவில் திருட்டுத்தனமாகக் காதலியைப் பார்க்க வருகிறவனுக்கு நீ நல்லது செய்யவில்லை என்று தோழி நிலவைத் திட்டுகிறாள்: “எல்லி வருநர் களவிற்கு நல்லை அல்லை நெடுவெண் ணிலவே.” நிலவு இருந்தால் ஊர் பார்த்துவிடும். ஒரு நிலவுக்கே இந்தப் பாடு என்றால், இரண்டு நிலவு இருக்கும் உலகத்தில் இருட்டு எப்போது வரும்? இரண்டும் மறையும் இரவு வருடத்துக்கு நாலே நாள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் களவு ஒழுக்கம் எப்படி இருக்கும்? அந்த நாலு இரவுகளில் பெண்பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டுவார்களா, விளக்கேற்றிக் காவல் இருப்பார்களா? அந்த இரவுக்கு ஊரில் என்ன பேர்? கதை அங்கேயே வந்துவிடுகிறது, வில்லனே வேண்டாம்.

அடுத்தது பேச்சு. தமிழ் ஃபேண்டஸியில் காதலர் பேச்சு இரண்டு குழிகளில் விழுகிறது. ஒன்று, “பிராண நாதா” வகை நாடகத் தமிழ். மற்றது, கவசம் போட்டுக்கொண்டு “ஹேய், என்னடா” என்பது. இரண்டுக்கும் நடுவில் பெரிய இடம் காலியாகக் கிடக்கிறது. யார் யாரைத் தாங்கள் என்கிறார்கள், எப்போது அது நீங்கள் ஆகிறது, எப்போது நீ ஆகிறது என்பதை வைத்தே ஒரு முழுக் காதலையும் நகர்த்தலாம். ஒரு படகோட்டியும், வேஷம் மாறி அவன் படகில் தப்பிவரும் அரசியும் என்று வைத்துக்கொள்வோம். நீர்ப்பேய்கள் உலவும் ஆறு.

“தாங்கள் கூரைக்குள் போய்விடுங்கள். காற்று மாறுகிறது.”

“நீ?”

“நான் பாயைச் சுருட்டிவிட்டு வருகிறேன்.”

“நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேனே.”

“உள்ளே போ என்கிறேன், காதில் விழவில்லையா?”

இங்கே யாரும் யாரையும் காதலிப்பதாகச் சொல்லவில்லை. பயத்தில் அவன் வாயிலிருந்து மரியாதை நழுவிவிட்டது. அவள் அதைத் திருத்தப்போகிறாளா, கேட்காததுபோல இருக்கப்போகிறாளா என்பதை அடுத்த காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம். பாதுகாப்பாகக் கரையேறிய பிறகு அவன் மறுபடி தாங்கள் என்று ஆரம்பித்தால் அவள் முகம் சுண்டிப்போவதையும் காட்டலாம்.

கடைசியாக ஒன்று. இணையத் தொடர்கதைகளில் ‘ஆன்டி ஹீரோ’வுக்கு இருக்கும் மவுசு ஃபேண்டஸிக்குள்ளும் வந்துவிட்டது. நாயகியைக் கடத்துகிறவன், மிரட்டுகிறவன், அப்புறம் அவளையே உருகவைக்கிறவன். யதார்த்தக் கதையிலேயே நெருடும் இது, ஃபேண்டஸியில் பல மடங்கு பெருகுகிறது. இங்கே அவன் மனசைப் படிக்கிறவன், நினைவை அழிக்கத் தெரிந்தவன், ஆயிரம் வயதுக்காரன். மனசைப் படிக்கிறவனிடம் ஒரு பெண் ‘சம்மதம்’ என்றால், அந்தச் சம்மதம் அவள் மனசில் தானாக முளைத்ததா, அவன் விதைத்ததா என்று அவளுக்கே தெரியாது. பெரும்பாலான கதைகள் இதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகின்றன. கண்டுகொண்டால், அதிலேயே ஒரு நாவல் இருக்கிறது. அவள் அவனிடம் முதலில் கேட்கப்போவது முத்தமாக இருக்காது, தன் மண்டைக்குள் அவன் எட்டிப்பார்க்காமல் இருக்க ஒரு பூட்டு. செய்துகொடுத்தால் அவன் தன் சக்தியில் பாதியை இழப்பான். அவன் செய்துகொடுப்பானா மாட்டானா என்று இருபது அத்தியாயம் இழுக்கலாம், வாசகர்கள் கூடவே வருவார்கள்.